சோதனைத் தாளில் தெரியாத பெட்ரோல்

காலையில் விற்பனை தொடங்குவதற்கு முன் ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்று பாருங்கள். ஊழியர் தரையில் இருக்கும் சிறு மூடியைத் திறந்து, நீண்ட அளவுக் கம்பியை நிலத்தடித் தொட்டிக்குள் இறக்குவார். கம்பியின் நுனியில் ஒரு பசை தடவியிருக்கும். தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் பசையின் நிறம் மாறும். கம்பியை உருவி, பெட்ரோல் நனைத்த கோடு எந்த மில்லிமீட்டரில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவார். பல பங்க்குகளில் இப்போது தானியங்கி அளவுமானி வந்துவிட்டது. ஆனாலும் கம்பி போகவில்லை.

அந்தக் கம்பியால் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்று ஒரு கணக்குப் போடலாம். 2 மீட்டர் விட்டமும் 6.5 மீட்டர் நீளமும் கொண்டு படுத்திருக்கும் தொட்டியில் சுமார் 20,000 லிட்டர் கொள்ளும். பாதி நிரம்பிய நிலையில் அதில் 1 மில்லிமீட்டர் மட்டம் என்பது 13 லிட்டர். தொட்டியிலோ குழாய் இணைப்பிலோ விநாடிக்கு ஒரு சொட்டு கசிகிறது என்று வையுங்கள். 20 சொட்டுக்கு ஒரு மில்லி என்று எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 4.3 லிட்டர் வரும். கம்பியில் அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, எந்தக் கண்ணுக்கும் தெரியாது. போதாததற்கு, 10,000 லிட்டர் பெட்ரோலின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கினாலே அளவு ஏறக்குறைய 10 லிட்டர் குறையும். கசிவு அந்த ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துகொள்ளும். ஒரு வருஷத்தில் மண்ணுக்குள் போயிருப்பது 1,500 லிட்டருக்கு மேல். நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும்.

கரிவலம்வந்தநல்லூரில் எந்த பங்க்கின் மீதும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ராஜபாளையத்திலிருந்து கரிவலம் வழியாகச் சங்கரன்கோவில் போகிற சாலையில் பங்க்குகள் இருக்கின்றன. பட்டறைகளும், லாரி நிற்கும் இடங்களும், வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ்களும், தோட்டங்களில் டீசல் பீப்பாய்களும் இருக்கின்றன. சாலையின் இருபுறமும் கிணறுகளும் போர்களும் இருக்கின்றன. இந்த இரண்டு வரிசைகளுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்க்கிற கண் ஒன்று வேண்டும். கண்காணிப்புக் கிணறு என்பது அந்தக் கண்தான். ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். எரிபொருள் விஷயத்தில் அந்த நினைப்புதான் பெரிய ஆபத்து.

முதலில் எரிபொருள் மண்ணுக்குள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட எடை குறைந்தவை. கசிந்தது மண்ணில் ஊறிக் கீழே இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன் மேல் மிதந்து பரவும். மிதக்கும் படலத்திலிருந்து பென்சீன், டொலுவீன் போன்ற சில பொருள்கள் கரைந்து தண்ணீரோடு நகரும். ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் ஏறும்போது படலமும் ஏறும். கோடையில் இறங்கும்போது அதுவும் இறங்கி, போகிற வழியெல்லாம் மண்ணில் பூசிக்கொண்டே போகும். அடுத்த மழையில் அந்தப் பூச்சு மறுபடியும் கரையும். கசிந்த தொட்டியைத் தோண்டி எடுத்த பிறகும் வருஷக்கணக்கில் கிணற்றில் வாசம் வருவது இதனால்தான்.

நம் பகுதி பாறை நாடு. மேலே சில அடி மண், அதன் கீழ் மட்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. கெட்டிப் பாறையில் தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும். மணற்பாங்கான நிலத்தில் எண்ணெய் எந்தத் திசையில் போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம், பாறை வெடிப்பில் அது எளிதில்லை. பத்தடி தள்ளியிருக்கும் கிணற்றைத் தொடாமல் கால் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கிணற்றில் போய்ச் சேரலாம். வெட்டுக்கிணற்றின் பக்கவாட்டில் நாம் போடும் சைடு போர்கள் தண்ணீருக்கு வழி திறப்பது போலவே எண்ணெய்க்கும் வழி திறக்கின்றன. ஏழரை குதிரைத்திறன் மோட்டார் நாளெல்லாம் இழுத்தால், சுற்றியுள்ள நீரோட்டமே அந்தக் கிணற்றை நோக்கித் திரும்பும். அதிகம் இறைக்கிறவர் கிணற்றுக்கே மாசு முதலில் வரக்கூடும்.

எவ்வளவு எண்ணெய் கலந்தால் கெடுதல் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பாரத் ஸ்டேஜ் 6 தரப் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அது 10 மில்லி, எடையில் சுமார் 8.8 கிராம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த 8.8 கிராம் முழுவதும் கரைந்தால் 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீர் வரம்பைத் தொடும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 73 லோடு. ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இவ்வளவு. நிலத்தடியில் நுண்ணுயிர்கள் ஒரு பகுதியைத் தின்றுவிடும், எல்லாம் கரைந்து சேராது என்பது உண்மைதான். ஆனால் அந்த நுண்ணுயிர்களுக்கும் இப்போது வேறு தீனி வந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று, இருக்கிற ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். பென்சீன் அதுவரை தின்னப்படாமல் மேலும் தூரம் நகரும்.

பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் தொகுதியில் வைத்திருக்கும் பொருள். ரத்தப் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு நெடுங்காலமாகத் தெரிந்தது.

வாசம் வந்தால் தெரிந்துவிடாதா என்பார்கள். நாக்குக்குப் பென்சீன் தெரிவது லிட்டருக்கு அரை மில்லிகிராமிலிருந்து நாலரை மில்லிகிராம் வரை போன பிறகு. அரை மில்லிகிராம் என்றாலே வரம்பைப்போல் 50 மடங்கு. பெட்ரோலில் இருக்கும் வேறு பொருள்கள் சில சமயம் முன்பே வாசம் காட்டும் என்றாலும் அதை நம்பி இருக்க முடியாது. ருசி நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி மதிப்பு கிடையாது. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. பென்சீனின் கொதிநிலை 80 டிகிரி. காய்ச்சும்போது அது தண்ணீரை விட்டு அடுப்பங்கரைக் காற்றுக்கு வரும், அங்கே நிற்பவர் அதைச் சுவாசிப்பார்.

சென்னைத் தண்டையார்ப்பேட்டையில் 2013ஆம் ஆண்டு நடந்ததை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வரதராஜப் பெருமாள் கோயில் தெருவில் வீட்டு போர்களில் தண்ணீரோடு எரிபொருள் வந்தது. துறைமுகத்திலிருந்து தண்டையார்ப்பேட்டைக் கிடங்குக்கு எரிபொருள் கொண்டுபோகும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவு அது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. குழாய்க்காரர்களின் அளவுமானிக்கு முன்பாக வீட்டுக்காரர்களின் குடமும் மூக்கும்தான் கசிவைக் கண்டுபிடித்தன. மூக்குக்கு எட்டும்வரை மண்ணுக்குள் எவ்வளவு போயிருக்கும் என்பதை மேலே போட்ட கணக்கை வைத்து யோசித்துக்கொள்ளலாம்.

இதைவிட நமக்குப் பாடமாக இருப்பது யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு அது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரைக் கிணறு வெட்டி எடுத்தே குடியும் பயிரும் நடந்துவந்த ஊர்கள். சுன்னாகம் மின் நிலைய வளாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் தெரிகிறது என்று மக்கள் எழுந்தார்கள். 2015 ஜனவரியில் மல்லாகம் நீதிமன்ற உத்தரவால் அங்கிருந்த தனியார் மின் உற்பத்தி நின்றது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை எடுத்த சோதனைகள் பல கிணறுகளில் எண்ணெய்ப்பசை அளவுக்கு மீறி இருப்பதாகக் காட்டின. வடக்கு மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான மாசு இல்லை என்றது. ஒரே ஊர், ஒரே தண்ணீர், இரண்டு பதில். குழந்தைக்கு எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்று தெரியாமல் தாய்மார் நின்றார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர் ரவீந்திர குணவர்தன காரியவசம் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரல் 4 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், அங்கே மின் உற்பத்தி செய்த நொதர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

எண்ணெய் விஷயத்தில் இரண்டு பதில் வருவது எப்படி என்பது புரிந்தால் நம் ஊரில் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. எண்ணெய்ப்பசைச் சோதனையில் தண்ணீரிலிருந்து கொழுப்பையும் எண்ணெயையும் ஒரு கரைப்பானில் இழுத்து, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சும் பசையை எடைபோடுவார்கள். தேங்காயெண்ணெயும் சோப்பும்கூட அதில் எடை காட்டும். பெட்ரோலின் பென்சீனோ கரைப்பானோடு சேர்ந்து ஆவியாகிப் போய்விடும். மாறாக, பென்சீனைத் தேடும் கருவி பழைய டீசலையும் கழிவு எஞ்சின் ஆயிலையும் கண்டுகொள்ளாது. எதைத் தேடினோம் என்று சொல்லாமல் ‘மாசு இல்லை’ என்று எழுதும் தாளுக்கு அர்த்தம் இல்லை. நாம் வழக்கமாகக் குடிநீரைக் கொடுத்து வாங்கும் அறிக்கையில் கார அமிலத்தன்மை, உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட், கிருமி ஆகியவை இருக்கும். ‘குடிக்க உகந்தது’ என்று கீழே முத்திரை விழும். பென்சீன் என்ற வரி அதில் இருக்காது. தேடாததை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இனி தண்ணீர் எடுக்கும் முறை. நானறிந்தவரை பிழைகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

பென்சீன் பறந்துபோகும் பொருள். தண்ணீர் காற்றைத் தொட்ட இடமெல்லாம் அது வெளியேறும். வாளியில் மொண்டு, புனல் வைத்து, பிளாஸ்டிக் கேனில் முக்கால்வாசி ஊற்றி, வெயிலில் பஸ்ஸில் வைத்துக் கொண்டுபோன தண்ணீரில் ஆய்வகம் எதைத் தேடும்? ஒரு பகுதி கேனின் காற்றில் நிற்கும், கொஞ்சம் பிளாஸ்டிக்கில் ஊறும். சரியான முறைக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பி வேண்டும், கெடாமல் இருக்க ஒரு துளி அமிலம் ஏற்கெனவே விட்டிருக்கும். சலசலப்பில்லாமல் குழாயைக் குப்பியின் சுவரோடு ஒட்டி விட்டு, விளிம்பில் தண்ணீர் குவிந்து நிற்கும்வரை நிரப்ப வேண்டும். மூடியைச் சாய்த்து வைத்துத் திருகும்போது கொஞ்சம் வழிய வேண்டும். பிறகு குப்பியைத் தலைகீழாகத் திருப்பி, உள்ளங்கையில் தட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். பட்டாணி அளவுக்குக் காற்றுக்குமிழ் ஏறி வந்தால் அந்தக் குப்பி செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும். உடனே ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும், 14 நாளுக்குள் ஆய்வு முடிய வேண்டும்.

குழாய்க்குள் நாள்கணக்கில் தேங்கிய தண்ணீரை எடுக்கவும் கூடாது. அது காற்றோடு கிடந்து பென்சீனை இழந்த தண்ணீர். நான்கு அங்குலக் கண்காணிப்புக் கிணற்றில் 6 மீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 49 லிட்டர். அதைப்போல் மூன்று மடங்கு, ஏறத்தாழ 145 லிட்டர், வெளியேற்றிய பிறகு எடுப்பது பழைய முறை. நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி வரை மெதுவாக இழுத்து, நீரின் குணங்கள் ஒரே நிலைக்கு வந்தபின் பிடிப்பது இப்போது பரவலான முறை. முதலில் சுத்தமென்று நம்பப்படும் கிணறு, கடைசியில் சந்தேகக் கிணறு என்ற வரிசையில் போக வேண்டும். எடுக்கிறவர் வழியில் பைக்குக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு அதே கையால் குப்பியைத் தொட்டால் இல்லாத மாசும் வந்துவிடும். அதைப் பிடிப்பதற்கென்றே ஆய்வகத்தில் தூய நீர் நிரப்பி மூடிய ஒரு குப்பியைப் பயணம் முழுக்கக் கூடவே கொண்டுபோவார்கள். திறக்காத அந்தக் குப்பியில் பென்சீன் தெரிந்தால் மற்றக் குப்பிகளின் முடிவும் சந்தேகத்துக்குரியது.

நம் தென்மாவட்டங்களுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. தண்ணீர் குறைந்த போர்களில் நாம் கம்ப்ரசர் வைத்து இறைக்கிறோம். காற்றை ஆழத்துக்கு அடித்து, அந்தக் காற்றின் வேகத்தில் தண்ணீரை மேலே தள்ளுகிற ஏற்பாடு. பென்சீன் கலந்த நீரைச் சுத்தப்படுத்தும் ஆலைகளிலும் காற்றை அடித்தே பென்சீனை விரட்டுகிறார்கள். கம்ப்ரசர் போரில் அந்த வேலை குழாய்க்குள்ளேயே ஓரளவு நடந்துவிடுகிறது. புஸ் புஸ் என்று நுரைத்து வரும் தண்ணீரைப் பிடித்து அனுப்பினால், ஆழத்தில் பெட்ரோல் இருந்தாலும் தாளில் குறைவாகவோ இல்லை என்றோ வரும். கம்ப்ரசரின் மசகு எண்ணெய் காற்றோடு இறங்கி, இல்லாத எண்ணெய்ப்பசையையும் காட்டும். இரண்டு பக்கமும் பொய் சொல்லக்கூடிய சாட்சி அது. கம்ப்ரசர் போரிலிருந்து எடுத்த மாதிரியை எரிபொருள் சோதனைக்கு யார் கொண்டுவந்தாலும் ஏற்காதீர்கள்.

ஆழ்குழாய்க் கிணறு கண்காணிப்புக் கிணறாகாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போர் போடும்போது மேல்மண் சரியாமலிருக்கக் கெட்டிப் பாறைவரை கேசிங் இறக்குகிறோம். மேல்மட்டத் தண்ணீரை அந்தக் கேசிங் அடைத்துவிடுகிறது. மிதக்கும் எண்ணெய் இருப்பதோ அந்த மேல்மட்டத்தில்தான். முந்நூறு அடி போரின் தண்ணீர் சுத்தமாக இருக்கும் அதே நாளில் முப்பதடியில் பெட்ரோல் மிதந்துகொண்டிருக்கலாம். பிறகு வெடிப்பு வழியாக மெல்ல இறங்கும். கண்காணிப்புக் கிணற்றில் துளையிட்ட குழாய், நீர்மட்டம் ஏறி இறங்கும் இடைவெளி முழுவதற்கும் நிற்க வேண்டும். அப்போதுதான் படலம் உள்ளே வரும். மூன்று கிணறாவது முக்கோணமாக வேண்டும். மூன்றின் நீர்மட்டத்தையும் ஒப்பிட்டால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியும். தொட்டிக்கு மேட்டுப் பக்கம் ஒன்றை மட்டும் போட்டு, அதில் ஒன்றுமில்லை என்று அறிக்கை தருவது ஊரை ஏமாற்றுவது. தை மாதம் ஒன்று, கோடையின் கடைசியில் ஒன்று என வருஷத்துக்கு இரண்டு முறையாவது எடுக்க வேண்டும்.

அதற்குள் நம் கையால் செய்யக்கூடியது ஒன்று. கிணற்றில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் ஒரு குச்சியால் அதைக் கலைத்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டுகள்போல் உடைந்து தனித்தனியாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்தை உண்ணும் நுண்ணுயிர்களின் ஏடு. கலைத்ததும் சுழன்று மறுபடியும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெய் என்று சந்தேகப்படுங்கள். சந்தேகம் வந்த கிணற்றில் தூர் எடுக்க யாரையும் இறக்காதீர்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கிணற்றின் அடியில் தங்கி நிற்கும்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைப்படி, புதிய பங்க்குகள் பள்ளி, 10 படுக்கையோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடநெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்போடும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. 165 லிட்டருக்கு மேல் எரிபொருள் சிந்தினால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். நான் முதலில் சொன்ன விநாடிக்கு ஒரு சொட்டுக் கசிவு 39ஆவது நாளில் 165 லிட்டரைத் தாண்டிவிடும். அன்றைக்கு யாருக்கும் தெரியாது, யாரும் தெரிவிக்கவும் மாட்டார்கள். அமெரிக்காவில் 1980களிலிருந்து இதுவரை நிலத்தடித் தொட்டிக் கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல் உறுதியாகியிருக்கின்றன. அங்கே தொட்டிகள் நம்முடையதைவிட மட்டமானவை என்று சொல்ல முடியாது. தேடினார்கள், கிடைத்தது.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராமசபை கூடுகிறது. கரிவலம்வந்தநல்லூர்க்காரர்களும் இந்தச் சாலையோரத்து மற்ற ஊர்க்காரர்களும் அன்று ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். சாலையோரத்தில் எரிபொருள் தொட்டி உள்ள ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் மூன்று கண்காணிப்புக் கிணறு, வருஷத்துக்கு இரண்டு முறை பென்சீன், டீசல் இரண்டுக்கும் சோதனை, முடிவு ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். தீர்மானத்தின் நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்க வருகிறவரிடம் கண்ணாடிக் குப்பி இருக்கிறதா, ஐஸ் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.